குவாண்டம் தொழில்நுட்பம்: வயலுக்கும் வங்கிக்கும் வகுப்பறைக்கும்

அணுவும் இலத்திரனும் ஒளியின் போட்டனும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் போல நடந்துகொள்வதில்லை. அணுவுக்குள் இலத்திரனின் சக்தி தொடர்ச்சியாக ஏறி இறங்காமல் குறிப்பிட்ட படிகளில் மட்டுமே மாறும். துணிக்கை என்று கருதப்பட்டது அலையாகவும் தொழிற்படும். இந்த நடத்தையைக் கணக்கிட்டுச் சொல்லும் பௌதிகவியலே குவாண்டம் பொறிமுறை. 1900இல் மாக்ஸ் பிளாங்க் அதற்கு வித்திட்டார். 1925இல் வேர்னர் ஹைசன்பேர்க்கும் 1926இல் எர்வின் சுரோடிங்கரும் முழுமையான கணித வடிவம் கொடுத்தனர். அந்த நூற்றாண்டு நிறைவை ஒட்டி 2025ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது.

இந்த அறிவியல் இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரைக்கு இனிமேல்தான் வந்துசேர வேண்டும் என்றில்லை. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த திரான்சிஸ்டர், 1960இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய லேசர், எல்.ஈ.டி. விளக்கு, எம்.ஆர்.ஐ. பரிசோதனைக் கருவி ஆகிய எல்லாமே குவாண்டம் பொறிமுறையின் பிள்ளைகள். கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனையில் ஒரு கைபேசிக் கடையில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் பில்லியன் கணக்கில் திரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. சாய்ந்தமருதிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகின் ஜி.பி.எஸ். கருவி, செய்மதிகளில் உள்ள அணுக் கடிகாரங்களை நம்பியே இடத்தைச் சொல்கிறது. ஒரு செக்கன் என்பதே 1967 முதல் சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகளின் காலமாக வரையறுக்கப்பட்டுள்ளது. அந்தக் கடிகாரம் ஒரு மைக்ரோ செக்கன் பிசகினால் படகின் இடம் ஏறத்தாழ 300 மீற்றர் தள்ளிப்போகும்.

இவை முதல் தலைமுறை. அவற்றில் கோடானுகோடி இலத்திரன்களும் போட்டன்களும் கூட்டமாக வேலை செய்கின்றன. தனியொரு துணிக்கையை யாரும் பிடித்து ஆட்டுவிப்பதில்லை. இன்று குவாண்டம் தொழில்நுட்பம் என்று பேசப்படுவது இரண்டாம் தலைமுறை. ஒற்றை அணு, ஒற்றைப் போட்டன், ஒற்றை மின்சுற்று ஆகியவற்றின் குவாண்டம் நிலையை வேண்டியபடி அமைத்து, காத்து, அளந்து பயன்படுத்துவது அதன் வேலை. மின்சுற்று போன்ற கையில் எடுக்கக்கூடிய அளவுள்ள அமைப்பிலும் குவாண்டம் விளைவுகள் தெரியும் என்று 1980களில் நிறுவிய ஜோன் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜோன் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கும் 2025இன் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

கியூபிட் செய்வதும் செய்யாததும்

சாதாரணக் கணினியின் பிட் 0 அல்லது 1 ஆக இருக்கும். குவாண்டம் கணினியில் பிட்டின் இடத்தைப் பிடிக்கும் கியூபிட் இவ்விரண்டின் மேற்பொருந்துகையாக இருக்க முடியும். இரண்டு கியூபிட்களின் நிலையை எழுத நான்கு எண்கள் தேவை, மூன்றுக்கு எட்டு, ஐம்பதுக்கு 1,000 ட்ரில்லியனுக்கும் அதிகம். ஐம்பது கியூபிட்டுக்கு மேல் போனால், அந்த நிலையை அப்படியே எழுதிவைக்க உலகின் மிகப் பெரிய கணினியின் நினைவகமும் திணறும்.

இதை வைத்து ‘குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும்’ என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். அது பாதிதான் உண்மை, மற்றப் பாதி தவறான நம்பிக்கையைத் தருகிறது. அளக்கும் கணத்தில் கிடைப்பது ஒரேயொரு விடைதான். மற்ற எல்லாம் அழிந்துபோகும். ஆகவே வழிமுறையை வகுப்பவரின் திறமை வேறிடத்தில் இருக்கிறது. கரைக்கு வரும் இரண்டு அலைகளில் ஒன்றின் முடியும் மற்றதன் தாழியும் சேர்ந்தால் நீர் மட்டமாகிவிடும், இரண்டு முடிகள் சேர்ந்தால் அலை உயரும். அதுபோலத் தவறான விடைகளுக்குரிய வீச்சங்கள் ஒன்றையொன்று அழிக்கவும் சரியான விடையின் வீச்சம் வளரவும் தலையீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். அப்படி ஒழுங்குபடுத்தத் தக்க கணிதக் கட்டமைப்பு எல்லாப் பிரச்சினைகளிலும் இருப்பதில்லை. இருக்கும் சிலவற்றில் குவாண்டம் கணினிக்கு நிகரில்லை. மற்றவற்றில் மேசைக் கணினியே போதும்.

மேற்பொருந்துகைக்கும் தலையீட்டுக்கும் அடுத்த மூன்றாவது பண்பு பிணைவு. பிணைந்த இரண்டு துணிக்கைகளை எவ்வளவு தூரம் பிரித்தாலும் அவற்றின் அளவீடுகள் சாதாரண நிகழ்தகவு விதிகள் அனுமதிக்காத அளவுக்கு ஒத்துப்போகும். 2017இல் சீனாவின் மிசியஸ் செய்மதி 1,200 கிலோமீற்றர் இடைவெளியில் இதைக் காட்டியது. பிணைவால் செய்தியை ஒளியைவிட வேகமாக அனுப்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இன்றைய கருவிகள் இன்னும் நோஞ்சான்களே. மீகடத்திச் சுற்றுகளால் ஆன கியூபிட்கள் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மேல் நூறில் ஒரு கெல்வின் அளவில் குளிரூட்டப்பட வேண்டும். அப்போதும் ஆயிரம் படிமுறைக்குள் ஏதோவொன்றில் பிழை வந்துவிடும். பல கியூபிட்களைச் சேர்த்து ஒரு நம்பகமான கியூபிட்டை ஆக்குவதே தீர்வு. 2024 டிசம்பரில் கூகுள் தனது 105 கியூபிட் வில்லோ சில்லில், சேர்க்கும் கியூபிட்களின் வலையைப் பெரிதாக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பிழை பாதிக்கும் கீழாகக் குறைவதைக் காட்டியது. அதுவரை, பெரிதாக்கினால் பிழை கூடிவிடுமோ என்ற பயமே மேலோங்கியிருந்தது. பயனுள்ள கணினிக்கு இன்னும் ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு போகவேண்டியிருந்தாலும் வழி அடைபடவில்லை என்பது அன்று தெளிவானது.

வயலும் பசளையும்

நற்பிட்டிமுனைக்கு மேற்கே கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டினால் நாவிதன்வெளிப் பக்கம் வயல்கள்தான். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியதிலிருந்து அம்பாறை மாவட்டம் நாட்டின் நெல்லுற்பத்தியில் முன்வரிசையில் நிற்கிறது. அந்த வேளாண்மையின் உயிர்நாடி யூரியா. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டதும், இடையில் தொடங்கிய பெரும்போகத்தின் விளைச்சல் சரிந்ததும் இங்குள்ள எந்த விவசாயிக்கும் விளக்கத் தேவையில்லாத சங்கதி.

யூரியாவின் மூலப்பொருள் அமோனியா. வளியின் நைதரசனை ஐதரசனுடன் சேர்த்து அமோனியாவாக்கும் ஹேபர்-பொஷ் முறைக்கு 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பமும் வளிமண்டலத்தைப்போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அமுக்கமும் வேண்டும். உலகச் சக்திப் பாவனையில் ஏறத்தாழ 1 முதல் 2 வீதம் இதற்கே செலவாகிறது. எரிவாயு விலை ஏறினால் பசளை விலையும் ஏறுவது இதனால்தான். ஆனால் அவரையினத் தாவரங்களின் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியாவும், வயல்நீரில் மிதக்கும் அசோலாவுக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பற்றீரியாவும் இதே வேலையைச் சாதாரண வெப்பநிலையில், சத்தமில்லாமல் செய்கின்றன. நைதரோஜினேசு என்ற நொதியம் அவற்றின் கருவி. அந்த நொதியத்தின் நடுவில் 7 இரும்பு, 1 மொலிப்டினம், 9 கந்தகம், 1 காபன் அணுக்களைக் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. நைதரசன் மூலக்கூறின் வலிமையான மும்மைப் பிணைப்பு அங்கேதான் உடைகிறது.

எப்படி உடைகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. அந்தத் தொகுதியின் இலத்திரன்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், சாதாரணக் கணினியில் போடும் தோராயக் கணக்குகள் அங்கே கைவிட்டுவிடுகின்றன. குவாண்டம் பொருளைக் கணக்கிடக் குவாண்டம் கருவியே வேண்டும் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1981இல் ஓர் உரையில் சொன்னதன் அர்த்தம் இதுதான். 2017இல் மார்க்குஸ் ரைஹரும் சகாக்களும் இந்தத் தொகுதியையே எடுத்துக்காட்டாக வைத்து, குவாண்டம் கணினியால் அதைக் கணக்கிட முடியும் என்று படிமுறையாக மதிப்பிட்டனர். 2021இல் வெளியான திருந்திய மதிப்பீடு ஏறத்தாழ 40 இலட்சம் கியூபிட்களும் நான்கு நாளுக்குட்பட்ட நேரமும் போதும் என்றது. 2023இல் ஐ.பி.எம். வெளியிட்ட கொண்டோர் சில்லில் இருந்தவை 1,121.

இந்த இடைவெளி அடைபட்டு, கணக்கும் போட்டு முடித்தாலும், அதிலிருந்து மலிவான ஊக்கி ஒன்றை உருவாக்கித் தொழிற்சாலை அமைப்பது தனி வேலை. அடுத்த போகத்துக்கு யூரியா தேடும் விவசாயிக்குக் குவாண்டம் கணினி ஒரு பதிலாகாது. அதற்கு நெருங்கிய பதில் ஹோமாகமவில் இருக்கிறது. 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், யூரியாவை ஐதரொக்சிஅபற்றைற்று நனோத் துணிக்கைகளில் ஏற்றி மெல்ல மெல்லக் கரையும் பசளையை ஆக்கினர். பாதியளவு யூரியாவிலேயே நெல் விளைச்சல் குறையவில்லை என்ற கள ஆய்வு முடிவை 2017இல் வெளியிட்டனர். இது நனோ தொழில்நுட்பம்; குவாண்டம் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒரே மூடைக்குள் போட்டு விற்கும் விளம்பரங்கள் வரத் தொடங்கியிருப்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

வேளாண்மைக்குச் சொன்ன தர்க்கமே மருந்து, மின்கலம், சூரியக்கலம் ஆகிய தொழில்களுக்கும் பொருந்தும். மூலக்கூறும் பொருளும் உள்ள இடத்தில் குவாண்டம் கணினிக்கு வேலை உண்டு. கப்பல் வழித்தடம், கையிருப்பு, பங்குச்சந்தை, தையல் ஆலையின் வெட்டுமுறை போன்ற ‘மிகச்சிறந்ததைத் தேர்ந்தெடு’ வகைப் பிரச்சினைகளில் அதன் அனுகூலம் இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. மருதமுனைக் கைத்தறிக்கு இப்போது வேண்டியது நூல் விலையும் சந்தையும், கியூபிட் அல்ல.

பூட்டை மாற்றும் வேலை

வயலைவிட வங்கியில் குவாண்டத்தின் தாக்கம் முந்திவிட்டது. டோஹாவிலிருந்தோ ரியாத்திலிருந்தோ கல்முனைக்கு அனுப்பப்படும் பணம், கைபேசிச் செயலி வழியான கொடுப்பனவு, இணையத்தளத்தின் கடவுச்சொல் ஆகிய எல்லாம் பொதுச்சாவி மறைகுறியாக்கத்தால் காக்கப்படுகின்றன. பெரிய எண் ஒன்றை அதன் முதன்மைக் காரணிகளாகப் பிரிப்பது சாதாரணக் கணினிக்கு ஆகாத காரியம் என்பதே அதில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறையின் அடிப்படை. 1994இல் பீற்றர் ஷோர் அதைக் குவாண்டம் கணினி எளிதில் செய்யும் என்று கணித ரீதியாகக் காட்டினார். 2,048 பிட் நீளமுள்ள ஆர்.எஸ்.ஏ. சாவியை உடைக்க 2 கோடி கியூபிட்களும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் மதிப்பிட்ட கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி, 2025 மே மாதம் அதை 10 இலட்சத்துக்கும் குறைவான கியூபிட்களாகவும் ஒரு வாரத்துக்கும் குறைவான காலமாகவும் திருத்தினார். கருவி வளர்வதோடு, உடைக்கத் தேவையான கியூபிட்களின் எண்ணிக்கையும் சுருங்கிவருகிறது.

அத்தகைய கணினி இன்று இல்லை. ஆனால் இன்றைய மறைசெய்தியை இன்றே களவாடிச் சேமித்துவைத்து, கணினி வந்த பிறகு திறக்கலாம். ஒரு கொடுப்பனவுச் செய்தி பத்து வருடத்தில் பெறுமதியிழந்துவிடும். நோயாளியின் மருத்துவப் பதிவும், தேசிய அடையாளத் தரவும், காணி உறுதியும், அரசின் கடிதப் போக்குவரத்தும் அப்படியல்ல. ஆகவே நீண்டகாலம் மறைவாக இருக்கவேண்டிய தரவுக்கு ஆபத்து ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

மாற்றுப் பூட்டு தயார். அமெரிக்காவின் தேசிய நியமங்கள் நிறுவனம் எட்டு வருடப் போட்டிக்குப் பின்னர் 2024 ஓகஸ்ட்டில் மூன்று புதிய நியமங்களை வெளியிட்டது. இவை குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதவை என்று நம்பப்படும் வேறு கணிதப் பிரச்சினைகளில் நிற்கின்றன. சாதாரணக் கணினியிலும் கைபேசியிலும் ஓடுகின்றன. பழைய முறைகளை 2030க்குப் பின் கைவிடத் தொடங்கி 2035க்குள் நீக்குவதற்கான வரைவையும் அதே ஆண்டு நவம்பரில் அந்த நிறுவனம் முன்வைத்தது. ஒவ்வொரு வங்கியும் மருத்துவமனையும் அரச திணைக்களமும் தன்னிடமுள்ள மென்பொருள்களில் எங்கெங்கே எந்த மறைகுறியாக்கம் புதைந்திருக்கிறது என்று தேடி, பட்டியலிட்டு, மாற்றிச் சோதிக்க வேண்டும். அலுப்பான, நுணுக்கமான, பல வருட வேலை அது. அதைச் செய்பவருக்குக் குளிரூட்டிய கியூபிட் எதுவும் தேவையில்லை. நல்ல கணிதமும் நிரலாக்கமும் ஓர் இணைய இணைப்பும் போதும். குவாண்டம் யுகம் கிழக்குக் கரைக்குக் கொடுக்கக்கூடிய முதல் பெரிய வேலைவாய்ப்பு இதுவாகவே இருக்கும்.

பூட்டை வேறுவிதமாக, பௌதிகவியலின் விதியாலேயே செய்யும் முறையும் உண்டு. அதன் பிறப்பிடம் தென்னிந்தியாவுடன் தொடர்புடையது. 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில்தான் சார்ல்ஸ் பென்னற்றும் ஜில் பிரசாரும் குவாண்டம் சாவிப் பகிர்வைப் பற்றிய கட்டுரையை முன்வைத்தார்கள். சாவியின் ஒவ்வொரு பிட்டும் ஒற்றைப் போட்டனின் முனைவாக்கத்தில் ஏற்றப்படும். ஒட்டுக்கேட்பவர் அளந்தால் நிலை குலையும். அனுப்பியவரும் பெற்றவரும் ஒரு பகுதியை ஒப்பிட்டுப் பார்த்தாலே களவு வெளிப்பட்டுவிடும். இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பும் டெல்லி ஐ.ஐ.டி.யும் 2022 பெப்ரவரியில் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஒளியிழையில் இதைச் செய்துகாட்டின. 2016இல் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த கியூநியூ லாப்ஸ் இதற்கான கருவிகளை விற்கிறது. இந்தியாவின் தேசிய குவாண்டம் திட்டத்தில் குவாண்டம் தொடர்பாடலுக்கான மையமும் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே அமைந்துள்ளது. இருந்தும், தனிக் கருவியும் தனி இழையும் கேட்கும் இந்த முறை விலை கூடியது. இழையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் போட்டன்கள் பெரும்பாலும் தொலைந்துவிடும். இலங்கை போன்ற நாட்டுக்குப் புதிய கணிதப் பூட்டே முதல் தேவை, போட்டன் சாவி அதன் பின்னர்தான்.

உணரிகள்

கணினி, தொடர்பாடல், உணரி என்ற குவாண்டம் தொழில்நுட்பத்தின் மூன்று கிளைகளில் அதிகம் பேசப்படாததும் ஆனால் முதலில் முதிர்ந்ததும் உணரிகள். குவாண்டம் நிலை சுற்றாடலால் எளிதில் குலைந்துவிடும் என்பது கணினிக்குச் சாபம். அதே பலவீனத்தை அளவுகோலாக்கினால் அது உணரி. 2022இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர், குளிரூட்டப்பட்ட ரூபிடியம் அணுக்களை விழவிட்டு ஈர்ப்பின் நுண்ணிய மாற்றத்தை அளந்து, தரைக்குக் கீழே புதைந்திருந்த ஒரு சுரங்கத்தைத் தோண்டாமலே கண்டுபிடித்தார்கள். நிலத்தடி நீரின் கொள்ளளவு ஏறி இறங்குவதையும் இதே வழியில் கண்காணிக்கலாம். கிணற்று நீரை நம்பியிருக்கும் கரையோர ஊர்களுக்கு இது பயன்படும். ஆனால் ஈர்ப்புமானி நீரின் அளவைச் சொல்லுமே தவிர உப்பைச் சொல்லாது. 2004 சுனாமிக்குப் பின் உவர்த்துப்போன கிணறுகளுக்கு வேண்டிய பதில் அதனிடம் இல்லை.

மருத்துவத்தில் நொற்றிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு 2018இல் தலைக்கவசம் போல் அணியக்கூடிய மூளைக் காந்தமானியைக் காட்டியது. அசையாமல் படுக்க முடியாத குழந்தையின் வலிப்பு நோயையும் அதனால் ஆராய முடிகிறது.

தொழிலும் தொழில் செய்வோரும்

இத்துறையில் ஈழத்தவரின் பெயர்கள் புதியவையல்ல. குவாண்டம் பொறிமுறையின் தூண்களில் ஒருவரான போல் டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர் இலங்கைத் தமிழரான கிறிஸ்ரி ஜயரத்தினம் எலியேசர். ஐதரசன் அணுவில் கதிர்வீசும் இலத்திரனைப் பழைய பௌதிகவியலின் சமன்பாடுகளால் பின்தொடர்ந்தால் என்ன ஆகும் என்று 1943இல் அவர் போட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் பிறகு மெல்பேர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் அவர் கணிதப் பேராசிரியராக இருந்தார்.

எலியேசர் கரும்பலகையின் மனிதர். தொழிற்சாலைவரை போனவர் சிவலிங்கம் சிவானந்தன். பேராதனையில் பௌதிகவியல் படித்துச் சிக்காகோவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், இரசம், கட்மியம், தெலூரியம் மூன்றும் சேர்ந்த குறைகடத்தியை வெற்றிடத்தில் அணுப்படை அணுப்படையாக வளர்க்கும் நுட்பத்தில் தேர்ந்தார். அந்தப் பொருளில் மூலகங்களின் விகிதத்தை மாற்றினால் இலத்திரன் தாண்டவேண்டிய சக்திப் படியின் உயரம் மாறும். எந்த அலைநீளச் செங்கீழ்க் கதிரைப் பிடிக்க வேண்டுமோ அதற்கேற்பப் படியை அமைக்கலாம். இரவில் பார்க்கும் கருவிகளுக்கும் விண்வெளித் தொலைநோக்கிகளுக்கும் இவை தேவை. அவர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, நிறுவனங்களும் தொடங்கினார். 2013இல் வெள்ளை மாளிகை அவரைப் புலம்பெயர்ந்த புத்தாக்குநர்களுள் ஒருவராகக் கௌரவித்தது. பட்டம், ஆய்வுகூடம், உற்பத்தி என்ற அந்த வரிசையில் இலங்கைக்குள் கிடைத்தது முதலாவது மட்டும்தான் என்பதும் கவனிக்க வேண்டியது.

குவாண்டம் வேலை என்றால் கலாநிதிப் பட்டம் பெற்ற கோட்பாட்டாளரின் வேலை என்ற எண்ணம் பழையது. 2020இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் 21 நிறுவனங்களை நேர்கண்டபோது, அவை தேடியவர்களில் நிரலாளர், மின்னணுப் பொறியியலாளர், ஒளியியல் வல்லுநர், வெற்றிடமும் குளிரூட்டலும் அறிந்தவர் எனப் பலதரப்பட்டவர் இருந்தனர். பொறியியல் படித்தவருக்கு ஒன்றிரண்டு குவாண்டம் பாடங்கள் சேர்ந்தாலே போதும் என்ற வேலைகளும் அதில் அடக்கம். கியூபிட்டை இயக்குவது மைக்ரோ அலைத் துடிப்பு. அதை உருவாக்கி வடிகட்டி அளப்பது தொலைத்தொடர்புப் பொறியியலாளரின் பழகிய வேலை. ஈலியக் குளிரூட்டியின் கசிவைக் கண்டுபிடிப்பவர் தேர்ந்த தொழில்நுட்பவியலாளர்.

கிழக்குக் கரை இளைஞர் வேலைக்குப் போகும் வளைகுடாவும் மாறிவருகிறது. சவூதி அராம்கோ 200 கியூபிட் கணினி ஒன்றைத் தஹ்ரானில் நிறுவ பிரான்சின் பஸ்கால் நிறுவனத்துடன் 2024இல் ஒப்பந்தம் செய்தது. அபுதாபியின் தொழில்நுட்பப் புத்தாக்க நிறுவனத்தில் குவாண்டம் ஆய்வு மையம் இயங்குகிறது. டோஹாவில் ஹமத் பின் கலீஃபா பல்கலைக்கழகமும் இறங்கியிருக்கிறது. சாரதியாகவும் கணக்காளராகவும் கட்டடத் தொழிலாளியாகவும் அறிமுகமான அதே வளைகுடாதான். மாறியிருப்பது, அங்கே கேட்கப்படும் தகைமைகளில் ஒரு பகுதி.

படிப்பு எங்கே தொடங்குகிறது

க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலின் கடைசி அலகுகளில் சடமும் கதிர்ப்பும் என்ற அலகு வருகிறது. ஒளிமின் விளைவும் அலை-துணிக்கை இருமையும் அதில் உண்டு. பரீட்சை நெருங்கும் நேரத்தில், பெரும்பாலும் சூத்திரங்களாக மட்டும் ஓட்டிமுடிக்கப்படும் அலகு அது. அதைவிடப் பெரிய அடித்தளம் இணைந்த கணிதத்தில் கிடக்கிறது: சிக்கலெண்கள், தாயங்கள், காவிகள், நிகழ்தகவு. ஒரு கியூபிட்டின் நிலை இரண்டு சிக்கலெண்களாலான காவி, அதன்மேல் செய்யும் ஒவ்வொரு செய்கையும் 2×2 தாயம், அளவீடு நிகழ்தகவு. இந்த நான்கும் கைவந்த மாணவர், உயர்தரம் எழுதிய கையோடு ஒற்றைக் கியூபிட்டின் கணிதத்தை முழுதாகப் புரிந்துகொள்ள முடியும். பல்கலைக்கழக அனுமதிக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையில் வீணாகும் மாதங்களுக்கு இதைவிட நல்ல பயன் அரிது.

கருவி இல்லை என்ற குறையும் பாதி தீர்ந்துவிட்டது. 2016இல் ஐ.பி.எம். ஐந்து கியூபிட் கணினி ஒன்றை இணையம் வழியாக எவரும் இயக்கத் திறந்துவிட்டது. இன்று அதன் நூறு கியூபிட்டுக்கு மேற்பட்ட கருவிகளில் மாதத்துக்குச் சில நிமிடங்கள் இலவசம். கிஸ்கிட் என்ற இலவச மென்பொருளில் எழுதிய நிரலை மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்க்கவும் முடியும். இந்தியாவின் என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் குவாண்டம் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மொழிதான் தடை. உயர்தரம்வரை தமிழில் படித்த மாணவருக்கு இவை எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் முறையான பாடநூலும் பயிற்சிகளும் எழுதப்படவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

இந்தியா இதை அரச திட்டமாக எடுத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 19இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒதுக்கியது 6,003.65 கோடி இந்திய ரூபாய், காலம் 2030–31வரை. பொறியியல் கல்லூரிகளில் குவாண்டம் தொழில்நுட்பத்தைத் துணைப் பாடமாகப் படிக்கும் பாடத்திட்டம் 2024 டிசம்பரில் வெளியானது. இலங்கையால் அந்தத் தொகையை நினைத்தும் பார்க்க முடியாது, நினைக்கத் தேவையுமில்லை. பாடத்திட்டத்துக்குப் பெரும் பணம் வேண்டாம்.

1995இல் ஆரம்பித்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் ஒலுவிலில். நற்பிட்டிமுனையிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். அங்கே தொடங்கத் தக்கவை கண்முன்னே உள்ளன. கணிதமும் கணினி விஞ்ஞானமும் படிப்போருக்குப் புதிய மறைகுறியாக்க நியமங்களில் ஒரு பாடம். மாவட்டத்தின் வங்கிக் கிளைகள், மருத்துவமனைகள், மாநகர சபை ஆகியவற்றின் மென்பொருள்களைக் கணக்கெடுக்கும் இறுதியாண்டு ஆய்வுகள். பௌதிகவியல் மாணவருக்குக் கியூபிட் நிரலாக்கம்.

பாடசாலை மட்டத்தில், பென்னற்-பிரசார் முறையை விளக்க விலையுயர்ந்த ஒற்றைப் போட்டன் கருவி வேண்டியதில்லை. ஒரு லேசர்ச் சுட்டி, நான்கு முனைவாக்கித் தாள்கள், ஒளியை அளக்க ஓர் உணரி இருந்தால் மேசைமேல் அதன் மாதிரியை அமைக்கலாம். ஒரு மாணவர் 0, 45, 90, 135 பாகைகளில் ஒன்றைத் தெரிந்து ஒளியை அனுப்புவார். மற்றவர் 0–90, 45–135 என்ற இரண்டு சோடிகளில் எதில் அளப்பது என்று நாணயத்தைச் சுண்டித் தீர்மானிப்பார். சோடி பொருந்தினால் விடை சரி. பொருந்தாவிட்டால் உணரிக்கு வருவது பாதி ஒளி. ஒற்றைப் போட்டனாக இருந்தால் அது சரிபாதி வாய்ப்பு, அதை மீண்டும் நாணயத்தைச் சுண்டியே பதிவார்கள். பொருந்தாத இலக்கங்களைக் கழித்தால் மிஞ்சுவது சாவி. மூன்றாமவர் ஒருவரை நடுவில் நிறுத்தி ஒளியை இடைமறித்து அளந்து மறுபடி அனுப்பச் சொன்னால், சாவியில் ஏறத்தாழ 25 வீதம் பிழையாகும். அந்த 25 எப்படி வருகிறது என்பதை இணைந்த கணிதத்தின் நிகழ்தகவு அலகே கணக்கிட்டுக் கொடுத்துவிடும்: நடுவில் நிற்பவர் பாதித் தடவை தவறான சோடியைத் தேர்வார், அவற்றில் பாதி பெறுபவரிடம் பிழையாகச் சேரும்.